வேக்யூம் கிளீனர்: உறிஞ்சினால் மட்டும் போதுமா?

வீட்டைத் துடைப்பத்தால் பெருக்கும்போது குப்பை ஓரிடத்தில் சேர்கிறது. நுண்ணிய தூசியோ காற்றில் எழும்பி, சிறிது நேரத்தில் மீண்டும் தரையிலும் மெத்தையிலும் படிகிறது. அந்தத் தூசியை வீட்டைவிட்டே அகற்றும் முயற்சியில் உருவானது வேக்யூம் கிளீனர். எனினும், உறிஞ்சிய தூசியைக் கருவி தன்னுள் தக்கவைக்கிறதா என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமைகிறது.

குதிரைகள் இழுத்த இயந்திரம்

தூசியை ஊதித் தள்ளும் இயந்திரம் ஒன்றை லண்டனில் கண்ட பொறியாளர் ஹூபர்ட் செசில் பூத், ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினால் என்ன என்று சிந்தித்தார். இருக்கை ஒன்றின் மீது கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சிச் சோதித்தார். அதில் தூசி படிந்தது. 1901-ஆம் ஆண்டு அவர் காப்புரிமை பெற்றார். என்ஜினில் இயங்கிய அவரது இயந்திரத்தைக் குதிரைகள் இழுத்துவந்தன. அதைத் தெருவில் நிறுத்தி, நீண்ட குழாய்களை ஜன்னல் வழியே செலுத்தி வீடுகளைத் தூய்மைப்படுத்தினர்.

கைக்கு அடக்கமான கருவியை உருவாக்கியவர் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த துப்புரவுப் பணியாளர் ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்லர். ஆஸ்துமா நோயாளியான அவருக்குப் பெருக்கும்போது எழுந்த தூசி பெரும் தொல்லையாக இருந்தது. மின்விசிறி மோட்டார், பெட்டி, துடைப்பக் கைப்பிடி, தலையணை உறை ஆகியவற்றைக் கொண்டு அவர் வடிவமைத்த கருவிக்கு 1908-இல் காப்புரிமை கிடைத்தது. அதன் உரிமையை வாங்கிய வில்லியம் ஹூவர், அதை வணிகப் பொருளாக்கினார். இந்தியாவில் 1982-இல் தொடங்கப்பட்ட யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம், வீடு வீடாகச் சென்று விற்று இக்கருவியைப் பரவலாக்கியது.

செயல்படும் விதம்

மோட்டாரால் சுழலும் விசிறி, கருவிக்குள் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. இதனால் வெளிக்காற்று தூசியுடன் உள்ளே பாய்கிறது. பையோ வடிகட்டியோ தூசியைப் பிடித்துக்கொள்ள, காற்று மட்டும் வெளியேறுகிறது. வடிகட்டி தரமற்றதாக இருந்தால் நுண்துகள்கள் அந்தக் காற்றுடன் மீண்டும் அறைக்கே திரும்பும். 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைத் தடுக்கும் 'ஹெப்பா' வடிகட்டி பொருத்தப்பட்ட கருவிகளே ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஏற்றவை. கருவியின் இணைப்புகளில் காற்றுக் கசிவும் இருக்கக் கூடாது.

வீட்டில் பயன்

கல் அல்லது டைல்ஸ் பதித்த தரையில் படிந்த தூசியை ஈரத்துணியால் துடைத்தே அகற்றிவிடலாம். மெத்தை, சோபா, திரைச்சீலை, ஜன்னல் வலை, கட்டில் அடிப்பகுதி போன்ற, துடைப்பமும் ஈரத்துணியும் பயன்படாத இடங்களில்தான் இக்கருவி மிகவும் உதவுகிறது. ஆஸ்துமாவைத் தூண்டக்கூடிய, கண்ணுக்குப் புலப்படாத தூசிப் பூச்சிகளின் கழிவுகள் மெத்தைகளில் அதிகம் சேர்கின்றன. இவற்றை உறிஞ்சி எடுப்பதோடு, படுக்கை விரிப்புகளை வெந்நீரில் துவைப்பதும் அவசியம்.

கவனிக்க வேண்டியவை

தூசிப் பை நிரம்பினால் உறிஞ்சும் திறன் குறையும் என்பதால் அதை உரிய நேரத்தில் காலி செய்ய வேண்டும். வடிகட்டியையும் தயாரிப்பாளரின் அறிவுறுத்தலின்படி கழுவவோ மாற்றவோ வேண்டும். ஈரத்தை உறிஞ்சுவதற்கென வடிவமைக்கப்படாத கருவியைத் தண்ணீரில் பயன்படுத்தினால் மின்கசிவு அபாயம் உண்டு. கனல் அடங்காத சாம்பிராணிச் சாம்பலை உறிஞ்சினால் பை தீப்பற்றக்கூடும். தூசிப் பையை வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் அணிந்து காலி செய்வது நல்லது. அப்பணியை ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.