துக்க வீட்டிலும் சிரிக்கலாம்

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து சொந்தங்கள் ஊர் திரும்பிய பிறகுதான் பல வீடுகளில் துக்கம் தொடங்குகிறது. விடியற்காலைப் பெரட்டு நேரத்துக்கே விழிப்பு வந்து, பழக்கத்தில் இரண்டு கோப்பை காப்பி கலக்கி, ஒன்றைக் கொட்டிவிடும் பெண்கள் கெடாவின் பிடோங்கிலும் பாடாங் செராயிலும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவர் டிவி பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டால், "புருஷன் போயி மூணு மாசம் ஆகல, அதுக்குள்ள சிரிப்பப் பாரு" என்று பக்கத்து வீட்டில் பேச்சு. பூ கூடாது, பொட்டு கூடாது, தீபாவளி கூடாது.

இது கொடுமை. துணையை இழந்து ஆறு மாதம் ஆனவர்களை டாக்கர் கெல்ட்னரும் ஜார்ஜ் பொனானோவும் ஆராய்ந்து 1997இல் எழுதினார்கள். இறந்தவரைப் பற்றிப் பேசும்போதே மனதாரச் சிரித்தவர்களிடம் மனவேதனை குறைவாக இருந்தது. அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வருவதுதான் இயல்பு.

சிரிக்கவும் அழவும் நேரமில்லாதவர்களும் நம்மில் இருந்தார்கள். 1942-43இல் 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதை போட நம் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் ஆட்களைக் கொண்டுபோனார்கள். திரும்பாதவர்களுக்குச் சடலமும் இல்லை, கருமாதியும் இல்லை. அவர்களின் மனைவிமார் ரப்பர் பால்வாளி தூக்கியே பிள்ளைகளை வளர்த்தார்கள். அதை மனவுறுதி என்று புகழ்கிறோம். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று இருக்கிறது.

முதலில் பணம், ஏனென்றால் சாவுச் செலவுக்கு வட்டிமுதலை ஆலோங்கிடம் கைநீட்டிய வீட்டில் நிம்மதியாக அழக்கூட முடியாது. இறந்தவர் சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டியவரா என்று உடனே விசாரியுங்கள். தகுதி இருந்தால் ஈமச்சடங்குத் தொகையும், குடும்பத்துக்கு மாதாந்திரப் பென்ஷனும் உண்டு. ஊழியர் சேமநிதியான இபிஎஃப், சேமிப்பு தவிர, நிபந்தனைக்கு உட்பட்டு 2,500 ரிங்கிட் இறப்பு உதவியும் தருகிறது. அதற்கு ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும், துக்கத்தில் மாதங்கள் ஓடிவிடும். உயிரோடு இருப்பவர்கள் இபிஎஃப் வாரிசுப் பெயரை இன்றே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

துக்க விடுப்பை 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று தொழிற்சங்கத்திடம் கேளுங்கள்.

அடுத்து உடம்பும் மனமும். ஆறு மாதம் தாண்டியும் சமைக்க, குளிக்க, வேலைக்குப் போக முடியாத அளவுக்கு ஏக்கம் அழுத்தினால் அது நீடித்த துக்கநோயாக இருக்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே அது இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது. ஆண்கள் பெரும்பாலும் அழுவதில்லை, குடிக்கிறார்கள். அதையும் துக்கமாகவே பாருங்கள். அரசாங்க கிளினிக்கில், "தூக்கம் வரல டாக்டர்" என்பதோடு நிறுத்தாமல், "அவர் போனதிலிருந்து" என்று சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் தூக்க மாத்திரையோடு வீடு திரும்ப வேண்டிவரும். தேவைப்பட்டால் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் போலீஸ் வரும் என்று பயந்து மறைக்காதீர்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவை 2023இல் நீக்கிவிட்டார்கள். ஹீல் 15555, தாலியான் காசே 15999 ஆகிய உதவி எண்களை அழைக்கலாம். பேச நா எழாதவருக்காக வீட்டில் வேறொருவர் அழைத்தாலும் கேட்பார்கள்.