கேட்பது கடைசிப் பத்தியில்

பொறியியல் கல்லூரிகளில் சிம்போசியம் நடக்கும் மாதங்களில் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். கழுத்தில் அடையாள அட்டையுடன் நாலைந்து மாணவர்கள் ஜவுளிக்கடை, பைக் ஷோரூம், ஜெராக்ஸ் கடை என்று படியேறி இறங்குவார்கள். கையில் துறைத் தலைவர் கையெழுத்திட்ட ஸ்பான்சர்ஷிப் கடிதம் இருக்கும். முதல் பத்தியில் கல்லூரி தொடங்கிய ஆண்டும் நிறுவனரின் கல்வித் தொண்டும், அடுத்ததில் துறையின் சாதனைகள், அதற்கும் அடுத்ததில் விழாவின் பெயரும் நோக்கமும். எவ்வளவு பணம் வேண்டும் என்பது கடைசிப் பத்தியில் வரும். பல கடிதங்களில் அதுவும் இருக்காது. 'தங்களால் இயன்ற உதவி' என்று முடிந்திருக்கும்.

கல்லாவில் இருப்பவர் கடிதத்தை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, "சரிப்பா, எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க? எத்தனை பேர் வருவாங்க? நம்ம கடை பேரை எங்க போடுவீங்க?" என்று கேட்கிறார். மாணவர்கள் தமிழில் பளிச்சென்று பதில் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பதில்தான் கடிதத்தின் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். அது ஏன் அங்கே வரவில்லை என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால், வணிகத் தொடர்பு என்ற பாடத்தை எப்படி நடத்துவது என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

பாடத்துக்குக் குறைவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் இரண்டு பருவங்களிலும் தொழில்முறை ஆங்கிலம் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்திலும் மொழித்திறன் பயிற்சி உண்டு. பிளேஸ்மென்ட் நெருங்கும்போது குழு விவாதப் (ஜி.டி.) பயிற்சி, செல்ஃப் இன்ட்ரோ, மாதிரி நேர்காணல் என்று கல்லூரிகளே தனியாக நடத்துகின்றன. ஆனால் பெரும்பாலான வகுப்புகளில் இது ஆங்கிலப் பாடத்தின் நீட்சியாகவே நடக்கிறது. தொடர்பின் வகைகள், தடைகள், நல்ல கடிதத்தின் ஏழு இயல்புகள் என்று மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கிவிட்டு, அதே வாரம் பொருள் வரியே இல்லாமல் ஒரு மின்னஞ்சலை நிறுவனத்துக்கு அனுப்புகிற மாணவர்கள் ஏராளம். இத்தனைக்கும் பள்ளியில் எழுதிப் பழகிய விடுப்பு விண்ணப்பத்தில் 'பொருள்' என்று ஒரு வரி இருந்தது. என்ன வேண்டும் என்பதை முதலிலேயே சொல்ல வைத்த வரி அது.

இது ஆங்கிலக் குறைபாடுதானா? பார்பரா மின்டோவின் அனுபவம் வேறு மாதிரி சொல்கிறது. 1963-இல் மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தவர் அவர்; அந்த நிறுவனம் வேலைக்கு எடுத்த முதல் எம்.பி.ஏ. பெண். 1966-இல் அவரை லண்டனுக்கு அனுப்பினார்கள். ஐரோப்பிய அலுவலகங்களில் இருந்தவர்களுக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை, அவர்கள் அறிக்கை எழுதக் கைகொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அங்கே போய்ப் பார்த்தபோது சிக்கல் மொழியில் இல்லை, எண்ணங்களை அடுக்கிய விதத்தில் இருக்கிறது என்று மின்டோ கண்டார். முடிவை உச்சியில் வை, அதன் கீழே காரணங்களை, அவற்றின் கீழே சான்றுகளை என்று அவர் வகுத்த முறைக்குப் பிரமிட் என்று பெயர் வந்தது. இன்றும் ஆலோசனை நிறுவனங்களில் புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லித்தரும் முறை இது.

தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் வகுப்பிலேயே சொல்ல வேண்டிய கதை இது. ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்வதற்காக இல்லை. ஆங்கிலம் வேண்டும், அதில் உழைக்கவும் வேண்டும். ஆனால் எதை முதலில் சொல்வது, எதை விட்டுவிடுவது என்ற முடிவைத் தமிழிலேயே எடுக்கலாம். 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பட்டியலிட்டார். மற்றொன்று விரித்தல் அதில் ஒன்று. நிறுவனரின் வரலாற்றோடு தொடங்கும் ஸ்பான்சர்ஷிப் கடிதத்துக்கு இதைவிடப் பொருத்தமான திருத்தக் குறிப்பு எந்த மேலாண்மைப் புத்தகத்திலும் கிடைக்காது.

வகுப்பில் நடைமுறைக் கஷ்டம் ஒன்று உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு வகுப்பில் 60 பேர். ஒரு கடிதத்தைத் திருத்தப் பத்து நிமிடம் என்றால் ஒரு பயிற்சிக்குப் பத்து மணி நேரம். எந்த ஆசிரியராலும் வாரந்தோறும் இதைச் செய்ய முடியாது. அதனால்தான் எழுதிப் பழக வேண்டிய பாடம் கேட்டு எழுதும் பாடமாகச் சுருங்குகிறது. இதற்கு எளிய வழி, கடிதங்களை மாணவர்களே மாற்றிக்கொள்வது. பக்கத்தில் இருப்பவர் ஒரு நிமிடம் மட்டும் படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். இந்தக் கடிதம் யாரிடம் என்ன கேட்கிறது என்று ஒரே வரியில் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் எழுதியவர் திரும்ப எழுதுகிறார். ஆசிரியருக்கு மிச்சமாகும் நேரத்தை, மாணவரால் தானாகக் கண்டுபிடிக்க முடியாத பிழைகளுக்குச் செலவிடலாம்.

'டவுட்' அப்படிப்பட்ட பிழை. தமிழில் சந்தேகம் கேட்பது வெறும் கேள்விதான். கேட்கிற மாணவரை ஆசிரியருக்குப் பிடிக்கவும் செய்யும். அதையே அப்படியே கொண்டுபோய், உங்கள் டிசைனில் எனக்கு ஒரு டவுட் இருக்கிறது என்று அமெரிக்க வாடிக்கையாளருக்கு எழுதினால், தன் வேலையை இவர் நம்பவில்லை என்று அவர் எடுத்துக்கொள்ளக்கூடும். கொஸ்டின் என்று மாற்றினால் போதும். ஆனால் அதை யாராவது சொல்லித்தர வேண்டும். இலக்கணப் புத்தகத்தில் அது இல்லை.

இதைவிடக் கடினமானது கெட்ட செய்தி சொல்வது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று கேட்டு வளர்ந்தவர்கள், வேலை வெள்ளிக்கிழமைக்குள் முடியாது என்று செவ்வாய்க்கிழமையே மேலாளரிடம் சொல்லத் தயங்குகிறார்கள். ட்ரை பண்றேன் சார் என்று சொல்லிவிட்டு வியாழன் இரவு வரை தவிக்கிறார்கள். அது மரியாதையாகத் தோன்றலாம். எதிரில் இருப்பவர் மாற்று ஏற்பாடு செய்ய இருந்த இரண்டு நாளை அது தின்றுவிடுகிறது. ஒரு மாணவர் மேலாளராகவும் இன்னொருவர் ஊழியராகவும் உட்கார்ந்து இந்த உரையாடலை வகுப்பிலேயே நாலு முறை பேசிப் பழக வேண்டும்.

இந்த இரண்டு பாடங்களையும், முதலில் வைக்க வேண்டியதை முதலில் வைப்பதையும் கெட்ட செய்தியை மேலே சொல்வதையும், ஒரே இடத்தில் காட்டும் விபத்து விசாரணை அறிக்கை ஒன்று இருக்கிறது. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் புறப்பட்ட சுமார் 82 விநாடிகளில், வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைக்காப்புத் துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. விண்ணோடம் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே போயிங் பொறியாளர்கள் பாதிப்பை மதிப்பிட்டு நாசாவுக்கு ஸ்லைடுகளாகக் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்றின் தலைப்பைப் படித்தால் பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை என்ற எண்ணமே வரும். 'சிக்னிஃபிகன்ட்' என்ற சொல் அதில் ஐந்து முறை வருகிறது. அடுக்கடுக்கான துணைக் குறிப்புகளைத் தாண்டி, ஸ்லைடின் அடியில், மோதிய துண்டின் அளவு 1920 கன அங்குலம், மதிப்பீட்டுக்கு அடிப்படையான சோதனையில் பயன்பட்டது 3 கன அங்குலம் என்று இருக்கிறது. 640 மடங்கு வித்தியாசம், அடியில். பிப்ரவரி 1 அன்று தரையிறங்க வந்தபோது விண்ணோடம் சிதறியது. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள்.

அந்த ஸ்லைடை எட்வர்ட் டஃப்டி என்ற அமெரிக்கப் பேராசிரியர் வரிவரியாக ஆராய்ந்தார். விசாரணைக் குழு தன் அறிக்கையில் அதை எடுத்துக்கொண்டது. முழுமையான தொழில்நுட்ப அறிக்கைகளுக்குப் பதிலாக ஸ்லைடுகளை நம்பும் வழக்கத்தையும் குழு குறை சொன்னது.

இந்த ஸ்லைடின் தகவலை ஒரு வகுப்பில் கொடுத்து, மேலாளருக்கு ஒரே வரியில் எழுதச் சொன்னால், ஆங்கிலம் தடுமாறும் மாணவரும் எழுதிவிடலாம்: "மோதிய துண்டு நாம் சோதித்ததைவிட 640 மடங்கு பெரியது, அந்தச் சோதனையை நம்பி முடிவெடுக்க முடியாது." இதைப் படிப்பவர் அடுத்து, என்ன செய்யலாம் என்று கேட்பார். எனவே இரண்டாவது வரி: "இறக்கையைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும்."

நாசாவின் பொறியாளர்கள் உண்மையிலேயே படம் கேட்டார்கள். நிர்வாகம் அந்தக் கோரிக்கையை நிறைவேற்றவில்லை. அவர்களில் ஒருவரான ராட்னி ரோச்சா, இது தவறான முடிவு என்று கடுமையாக ஒரு மின்னஞ்சல் எழுதினார். ஆனால் படிநிலையை மீற மனமில்லாமல் அதை மேலே அனுப்பவில்லை. அந்த மின்னஞ்சல் பின்னர் விசாரணை அறிக்கையில் அச்சாகியிருக்கிறது.