கேமிங் லேப்டாப் தோளை அழுத்துதா? மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

காலையில் பேக்கை மாட்டும்போதே தோள் ‘இன்னைக்குமா?’ என்று கேட்கிறதா? 15.6 இன்ச் கேமிங் லேப்டாப்கள் பெரும்பாலும் 2.2 முதல் 2.6 கிலோ இருக்கும். சார்ஜர்... அதாங்க, அந்தச் செங்கல், தனியா 600, 700 கிராம். மொத்தம் மூணு கிலோ. கூட்டமான எலெக்ட்ரிக் ட்ரெயின்ல மூணு கிலோ அரிசியைத் தோள்ல மாட்டிக்கிட்டு நின்னா எப்படி இருக்கும்? தினமும் அதைத்தான் செஞ்சுட்டு இருக்கீங்க.

இவ்வளவு சுமந்ததுக்குப் பலன் இருக்கான்னா, அங்கதான் சிக்கல். கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் சேர்ந்து முழு வேகத்தில் ஓட 150 வாட்டுக்கு மேல்கூடத் தேவைப்படும். பேட்டரியால் அதைத் தொடர்ந்து கொடுக்க முடியாது. அதனால் சார்ஜரைப் பிடுங்கியதும் லேப்டாப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிளக் பாயின்ட் இல்லாத கிளாஸ் ரூமில் உங்களிடம் இருப்பது, எடை மட்டும் குறையாத ஒரு சாதாரண லேப்டாப்!

சார்ஜ் கணக்கும் இதேதான். 80 வாட்-ஹவர் பேட்டரி உள்ள லேப்டாப், சும்மா பிரவுசிங்குக்கே 20 வாட் இழுத்தால் 4 மணி நேரம்தான். மெல்லிய லேப்டாப் 7 வாட்தான் எடுக்கும் என்றால், 55 வாட்-ஹவர் பேட்டரியே கிட்டத்தட்ட 8 மணி நேரம் தாங்கும். ‘பெரிய பேட்டரியா வைக்க வேண்டியதுதானே?’ என்றால், 100 வாட்-ஹவரைத் தாண்டினால் விமானத்தில் கொண்டுபோக ஏர்லைன் அனுமதி வேண்டும். கம்பெனிகள் 99-லேயே நின்னுடுறது அதனாலதான்.

உடனே ஆன்லைன்ல கார்ட்டைத் திறக்காதீங்க. ஒரு வாரம் டெஸ்ட் பண்ணுங்க. டிஸ்ப்ளே செட்டிங்கில் 144 ஹெர்ட்ஸை 60 ஆக்குங்க. லேப்டாப் கூடவே வந்த ஆப்பில் தனி கிராபிக்ஸ் கார்டை ஆஃப் செய்யும் மோடு இருந்தால் அதைப் போடுங்க. உங்கள் மாடலில் டைப்-சி வழியாக சார்ஜ் ஏறுமா என்று மேனுவலில் பாருங்க. ஏறும் என்றால், 100 வாட் டைப்-சி சார்ஜர் ஒன்று போதும், செங்கலை வீட்டிலேயே விட்டுட்டுப் போகலாம். இதிலேயே பாதிப் பிரச்னை தீர்ந்தால் பணம் மிச்சம்.

அந்த ஒரு வாரத்தில், வெளியில் இருக்கும்போது எதற்காக லேப்டாப்பைத் திறந்தீங்கன்னு குறிச்சு வைங்க. நோட்ஸ், கோடிங், யூடியூப் மட்டும்னா தாராளமா மாறலாம். பிளெண்டர், அன்ரியல் என்ஜின், என்விடியாவின் குடா தேவைப்படும் மெஷின் லேர்னிங் வேலை என்றால், மாறின மறுவாரமே வருத்தப்படுவீங்க.

மாறுவதென்று முடிவானால், 1.2 முதல் 1.4 கிலோவுக்குள் தேடுங்க. ரொம்ப முக்கியமானது ரேம். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் மதர்போர்டோடு சேர்த்தே சால்டர் செய்யப்பட்டிருக்கும், பிறகு கூட்டவே முடியாது. ஆயிரம், ரெண்டாயிரம் மிச்சம் பிடிக்கிறேன்னு 8 ஜிபி-யில் சிக்கிக்காதீங்க. 16 ஜிபி-க்குக் கீழே வேண்டாம். லேன் போர்ட், ஹெச்டிஎம்ஐ இருக்கான்னும் பாருங்க.

இன்னொரு பொறி: மேக்புக் ஏர் அழகா, லேசா இருக்கும், ஆனா அதில் வேலரன்ட் கிடையாது. ஸ்நாப்டிராகன் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்களிலும் சில ஆன்லைன் கேம்கள் ஓடாது. உங்கள் கேமின் பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்த பிறகு பணம் கட்டுங்க.

பழைய லேப்டாப்பை என்ன செய்யலாம்? இப்போதே காசு தேவையில்லை என்றால் விற்காதீங்க என்பேன். ஒரு மானிட்டரை இணைத்து வீட்டு மேஜையில் வைத்துவிட்டால், அதுதான் உங்கள் டெஸ்க்டாப். ஒரே வைஃபையில் ஸ்டீம் ரிமோட் பிளே போட்டு, கேமை அதில் ஓடவிட்டு புது லேப்டாப்பில் ஆடலாம். விற்றே ஆகணும்னா, எல்லா அக்கவுன்ட்டிலிருந்தும் சைன்-அவுட் செய்து, ரீசெட்டில் டிரைவை முழுதாகத் துடைக்கும் ஆப்ஷனைத் தேர்ந்தெடுங்க. வெறுமனே டெலீட் செய்த போட்டோக்களை மீட்பது பெரிய வித்தையில்லை. செங்கலையும் மறக்காமக் கொடுத்துடுங்க. அது இல்லைன்னா விலை குறையும்.