பத்தியமும் தாயின் மனமும்

கிருத்திகையன்று வல்லக்கோட்டை முருகன் ஸந்நிதியில் சற்று நேரம் நின்று பாருங்கள். கைக்குழந்தையுடன் வரும் இளந்தாய்மார் பலரைக் காணலாம். எதிர்ப்படுவோர் எல்லோரும் குழந்தையைக் கொஞ்சுகிறார்கள். அதன் மூக்கும் நிறமும் யாரைக் கொண்டவை என்று விசாரிக்கிறார்கள். தாயைப் பார்த்து, "நீ சாப்பிட்டாயா, அம்மா? இரவு தூங்கினாயா?" என்று கேட்பவர் எத்தனை பேர்?

ஒரு தலைமுறைக்கு முன் வயலும் ஏரியுமாயிருந்த இந்த ஒரகடம் பிரதேசத்தில் இன்று மோட்டார்த் தொழிற்சாலைகள் எழுந்து நிற்கின்றன. வெளி ஜில்லாக்களிலிருந்து பிழைப்புக்கு வந்த இளந்தம்பதிகள் ஓர் அறை வீடுகளில் குடித்தனம் செய்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு, தாய்வீட்டில் பிரசவித்துத் திரும்பிய ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். புருஷனுக்கு இரவு ஷிப்டு. ஊரிலிருக்கும் தாயார் டெலிபோனில் பத்தியம் சொல்கிறாள். சமைப்பவளும் அவளே, ஆறிப்போன பிறகு தனியே உண்பவளும் அவளே.

பத்தியத்தைப் பழிப்பது நமது நோக்கமன்று. ஆனால் அதில் இரண்டு பாகங்கள் உண்டு. பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், அங்காயப் பொடி, நெய் ஆகியவற்றுடன் சுடச்சுடச் சாதம் வடித்து, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுவது முதற் பாகம். "கீரை ஆகாது, பழம் குளிர்ச்சி, தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும்" என்று தடுப்பது இரண்டாவது. தனிக்குடித்தனத்தில் முதற் பாகம் மறைந்து, இரண்டாவது மட்டும் மிஞ்சிவிடுகிறது!

இதன் விளைவு சாமானியமானதல்ல. பால் கொடுக்கும் தாய்க்கு முதல் 6 மாதங்களில் தினந்தோறும் சுமார் 600 கலோரி ஆகாரம் அதிகமாக வேண்டும். தமிழ்நாட்டிலோ, 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை இருந்தது. இரும்புச் சத்து குறைந்தால் உடல் மட்டுமன்றி உள்ளமும் சோரும். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் இரத்தசோகையுற்ற தாய்மாருக்கு இரும்புச் சத்து கொடுத்துப் பார்த்ததில், அவர்களுடைய மனச்சோர்வும் தணிந்தது என்று 2005ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது.

ஆனால் ஆகாரம் ஒன்றே போதும் என்று எண்ணிவிடக் கூடாது. வேலூர் அருகே கணியம்பாடி வட்டாரத்தில் வைத்தியர்கள் சுமார் 300 தாய்மாரைப் பரிசீலித்தார்கள். 2002ல் அதன் முடிவுகள் வெளிவந்தன. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 100க்கு 11 பேர். வறுமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாருடனோ பெற்றோருடனோ மனஸ்தாபம், ஒத்தாசைக்கு ஆளில்லாமை ஆகியவை அவர்களிடம் அதிகமாகக் காணப்பட்டன. பத்தியத்தின் முதற் பாகம் எதைக் கொடுத்து வந்ததென்று இப்போது விளங்குகிறதல்லவா? அது சோறு மட்டுமல்ல, ஒரு துணையும்கூட.

ஆகவே, குடும்பத்தார் செய்யவேண்டியவை சில. கீரை, பருப்பு, பழம், பால், வழக்கமுள்ள வீடுகளில் முட்டையும் மீனும் தாராளமாகக் கொடுக்கலாம். தாகத்துக்குத் தண்ணீர் மறுப்பது கூடவே கூடாது. அங்கன்வாடியில் கிடைக்கும் சத்துமாவு அவள் பங்காகவே இருக்கட்டும். இரும்புச் சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின்னும் 180 நாட்கள் சாப்பிடவேண்டும். ஷிப்டு முடிந்து வரும் புருஷன் குழந்தையை வாங்கிக்கொண்டால், அவள் இரண்டு மணி நேரமாவது அயர்ந்து தூங்குவாள்.

பிரசவித்த சில நாட்களில் காரணமின்றிக் கண்ணீர் வருவது சகஜம். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் மாறிவிடும். மாறாமல் பசியும் உறக்கமும் போய், குழந்தையிடமும் பற்றற்று இருந்தால், அதைச் சோம்பல் என்றோ திமிர் என்றோ ஏசாதீர்கள். அது வியாதி, சிகிச்சையால் குணமாகக்கூடியது. கிராம சுகாதார செவிலியரிடமோ வைத்தியரிடமோ தயங்காமல் சொல்லவேண்டும். 14416 என்ற டெலிபோன் எண்ணில் அரசாங்கத்தின் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ சித்தப்பிரமையோ தோன்றினால் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லவேண்டும்.

அடுத்த முறை ஓர் இளந்தாயைக் காணும்போது, குழந்தையைக் கொஞ்சுமுன் அவளை ஒரு வார்த்தை விசாரியுங்கள். பதில் வரும்வரை சற்றே காத்திருங்கள்.