வீச்சுக்கு முந்திய வணக்கம்

மேற்குமலையின் நிழல் இராசபாளையத்தின்மேல் சாயும் மாலை வேளை. செம்மண் சிலம்பக் களத்தில் இருவர் எதிரெதிரே நிற்கின்றனர். ஒருவனுக்குப் பதினெட்டு அகவை இருக்கும். மற்றவன் பன்னிரண்டைத் தாண்டாதவன். இருவரும் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கின்றனர். ஆசானை வணங்கி, பின் ஒருவரையொருவர் வணங்குகின்றனர். களத்தில் இதற்குச் சலாம் வரிசை என்று பெயர். அதன் பின்னரே கம்பு எழுகிறது. பெரியவன் வீசிய கம்பு காற்றைக் கிழித்து வந்து, சிறியவன் தோளை இறகுபோல் தொட்டு மீள்கிறது. “அண்ணன் தொட்டுட்டாங்க, வாத்தியாரே!” என்று தொடப்பட்டவனே முந்திக்கொண்டு சொல்கிறான்.

அந்த மென்மையான தொடுகையின் அருமை கணக்கிட்டுப் பார்த்தால்தான் விளங்கும். 1.6 மீட்டர் நீளமுள்ள கம்பை, ஒரு முனையிலிருந்து மூன்றிலொரு பங்கில் பிடித்து நொடிக்கு 3 சுற்று சுழற்றுவதாகக் கொள்வோம். நெடிய பக்கத்து நுனி நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர், அதாவது மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் பாய்கிறது. இயக்க ஆற்றல் விரைவின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. விரைவைப் பாதியாக்கினால் அடியின் ஆற்றல் காற்பங்காகக் குறைகிறது. ஆகவே, சற்றே அடக்கி வீசினாலும் எதிரியின் எலும்புக்குக் கிடைக்கும் காப்பு பெரிது.

ஆனால், எப்போது அடக்குவது? கண் கண்டதை மூளை உணர்ந்து கைத்தசை இயங்க ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். அதற்குள் கம்பின் நுனி 4 மீட்டர் கடந்துவிடும். எதிரில் நிற்பவரோ அதைவிட அண்மையில் இருக்கிறார். வீச்சின் நடுவே இரக்கம் பிறக்க நேரமே இல்லை. அடக்கம் வீச்சுக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். சலாம் வரிசையை வெறும் சடங்கென்று சொல்வோர் இவ்வுண்மையை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். “உன்னை ஊறுபடுத்தேன்” என்னும் உடன்பாடு அங்கேதான் கையெழுத்தாகிறது. காப்பவனுக்கும் இதே கணக்குத்தான். “தம்பி, கண்ணைக் கம்புல வைக்காத, தோள்ல வை” என்று ஆசான் திருத்துவது இதனால்தான். நுனியைக் கண்டு தடுக்க இயலாது. தோளும் காலடியும் முன்கூட்டியே சொல்வதைப் படித்தாக வேண்டும்.

கருவியும் இந்த அறத்துக்குத் துணை நிற்கிறது. மூங்கிலின் நார்கள் புறத்தோலருகே செறிந்தும் உள்ளே செல்லச்செல்ல அருகியும் இருப்பதால், எடை குறைந்தும் விறைப்பு மிகுந்தும் அது விளங்குகிறது; கணுக்கள் பிளவு ஓடாமல் தடுக்கின்றன. பிரம்போ உட்கூடற்றது, அடிபட்டு நைந்தால் நார்நாராகப் பிரியுமேயன்றிக் கூர்ஞ்சிலாம்பாகத் தெறிப்பது அரிது.

1966 ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பெர்க்லியில் தோன்றி, ஐரோப்பிய இடைக்காலப் போர்முறையை மீண்டும் நிகழ்த்திவரும் எஸ்.சி.ஏ. என்னும் கழகத்தார் தம் வாள்களைப் பிரம்பால் செய்துகொண்டது இப்பண்பு கருதியே. அவர்களிடையே அடி பலித்ததா என்று நடுவர் சொல்வதில்லை, அடிபட்டவரே ஒப்புக்கொள்கிறார். இராசபாளையத்துச் சிறுவன் உரக்கச் சொன்னதும் அதுவே.

இந்நிலம் விளையாட்டுப் போரை மட்டும் கண்டதன்று. சேத்தூரும் கொல்லங்கொண்டானும் பாளையங்களாக இருந்த மண் இது. இதே தென்னாட்டில், சிவகங்கையின் சின்ன மருது, கிழக்கிந்தியக் கும்பினிப் படையின் அதிகாரியான சேம்சு வெல்சுக்கு ஈட்டி எறியவும் வளைதடியாகிய வளரி வீசவும் கற்றுக்கொடுத்தார். கும்பினிக்கும் மருது உடன்பிறந்தாருக்கும் நடந்த 1801 போரில் அதே வெல்சு எதிரணியில் நின்றார். அவ்வாண்டு அக்தோபர் 24 அன்று மருது உடன்பிறந்தார் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். தமக்கு வளரி கற்பித்தவர் சின்ன மருதுவே என்பதை வெல்சு மறைக்கவில்லை. 1830 இல் வெளியான தம் நினைவு நூலில் பதிந்துவைத்தார். அரசியல் அறுத்த உறவை ஆசான்–மாணவன் என்னும் நன்றி அறுக்கவில்லை. இந்நிகழ்ச்சியைப் படிக்குந்தோறும் என் நெஞ்சு கனக்கிறது. 1801 ஆம் ஆண்டின் இறுதியிலேயே தென்பாளையத்தார் படைக்கலம் ஏந்துவதைத் தடைசெய்யும் ஆணை வந்தது.

2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. மகிழ்ச்சியே. ஆனால், களத்துக்கும் வகுப்பறைக்கும் இடையே இன்னும் மதில் நிற்கிறது. இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுழல் இயக்கப் பாடம் வரும் நாளில் உங்கள் ஊர்ச் சிலம்ப ஆசானை வகுப்புக்கு அழையுங்கள். கம்பை மாணவர் கையில் கொடுத்து, நுனியின் விரைவை அவர்களே அளக்கட்டும். அதற்கு முன் சலாம் வரிசையைக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள்.