தோள்வலி: அசைக்க வேண்டியது எது, அசைக்கக் கூடாதது எது?

ஆபத்தில் உதவ வருபவரைத் "தோள் கொடுத்தார்" என்கிறோம். குடும்பப் பாரத்தை ஒருவர் "தோளில் சுமக்கிறார்" என்கிறோம். அந்தத் தோளே வலிக்கும்போது மட்டும், "வாயுப் பிடிப்பு", "தூக்கத்தில் கை மடங்கியிருக்கும்" என்று சொல்லித் தைலம் தேய்த்து நாளைக் கடத்திவிடுகிறோம். ஒரு வாரத்தில் தானாகப் போகும் தோள்வலி உண்டு. ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் விடாமல் வாட்டும் வலியும் உண்டு. மாரடைப்பின் முன்னறிவிப்பாகத் தோளில் தலைகாட்டும் வலியும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே தைலம் எப்படி மருந்தாகும்?

நம் தீவுகளில் தோளுக்கு வேலை அதிகம். சிப்பிகாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கிராம்பு, ஜாதிக்காய், மிளகு விளையும் அரசுப் பண்ணை அங்கே பெயர் பெற்றது. பசிபிக் தீவுகளிலிருந்து கொண்டுவந்த தென்னை வகைகளை வளர்க்கும் சேகரிப்பு மையமும் அங்குதான் அமைந்தது. மிளகு பறிப்பது, துரட்டியால் தேங்காய் இழுப்பது, பாக்குக் குலை இறக்குவது எல்லாம் கையைத் தலைக்கு மேல் தூக்கிச் செய்யும் வேலைகள். 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கத்தால் தென் அந்தமானின் நிலம் தாழ்ந்தபோது, சிப்பிகாட்டின் நெல்வயல்களில் கடல்நீர் புகுந்து தங்கிவிட்டது. வயல் போனவருக்கு உழைக்கும் தோள்தானே மிஞ்சிய முதல்? அந்தத் தோளைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே பார்ப்போம்.

தோளின் அமைப்பு

இடுப்பு மூட்டு ஆழமான கிண்ணத்துக்குள் வைத்த பந்தைப் போன்றது. தோள்மூட்டு அப்படியல்ல. சிறு தட்டின் மேல் பெரிய எலுமிச்சம்பழத்தை வைத்ததுபோல, மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமில்லாத குழியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இதனால்தான் கையை எல்லாத் திசைகளிலும் சுழற்ற முடிகிறது. உடலில் இவ்வளவு சுதந்திரமாக அசையும் மூட்டு வேறில்லை. அந்தச் சுதந்திரத்துக்கு விலையும் உண்டு. எளிதில் நழுவிவிடக்கூடிய பெரிய மூட்டும் இதுதான்.

உருண்டையைக் குழியில் பிடித்து வைப்பவை நான்கு சிறு தசைகள். இவற்றின் தசைநாண்கள் சட்டையின் கைப்பட்டிபோல எலும்பைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. மருத்துவர்கள் இதை "ரொட்டேட்டர் கஃப்" என்பார்கள். இதற்கு மேலே எலும்பாலான கூரை ஒன்று உண்டு. கூரைக்கும் தசைநாணுக்கும் இடையில் உராய்வைத் தடுக்கும் சிறு நீர்ப்பை இருக்கிறது. மூட்டு முழுவதையும் ஒரு சவ்வுறை மூடியிருக்கிறது. வலி இவற்றில் எங்கே பிறக்கிறது என்பதைப் பொறுத்தே மருத்துவம் மாறும்.

தசைநாண் உராய்வும் கிழிசலும்

கையைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கி வேலை செய்பவர்களுக்குத் தசைநாணும் நீர்ப்பையும் எலும்புக் கூரைக்கடியில் நெரிபடும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவர், தோட்டத் தொழிலாளி, பரணிலிருந்து பாத்திரம் இறக்கும் இல்லத்தரசி, வேகப் பந்து வீசும் இளைஞர் என்று யாருக்கும் இது வரலாம். கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது தொடக்கத்தில் வலி இருக்காது. தோள் மட்டத்தை நெருங்கும்போது சுரீரென்று வலிக்கும். அதைத் தாண்டி மேலே போனால் குறையும். அந்தப் பக்கமாகப் படுத்தால் இரவில் தூக்கம் வராது.

வயது ஏற ஏறத் தசைநாண் நைந்துபோகிறது. அறுபதைத் தாண்டிய பலருக்கு வலியே தெரியாமல்கூடக் கிழிசல் இருப்பதுண்டு. ஆனால் கீழே விழுந்த பிறகோ, பாரமான மூட்டையைத் தூக்கிய பிறகோ கையைத் திடீரென உயர்த்த முடியாமல் போனால், தசைநாண் முழுவதும் அறுந்திருக்கலாம். இதைத் தள்ளிப்போடக் கூடாது. அறுந்த முனை மாதக்கணக்கில் சுருங்கி, தசையும் மெலிந்துவிட்டால், பின்னர் தைத்துச் சேர்ப்பது கடினமாகிவிடும்.

உறைந்த தோள்

நாற்பது முதல் அறுபது வயதுக்குள் இருப்பவர்களை, குறிப்பாகப் பெண்களை, அதிகம் வாட்டுவது இது. 1872இல் பிரெஞ்சு மருத்துவர் துய்ப்ளே இந்நோயை விவரித்தார். 1934இல் அமெரிக்க மருத்துவர் காட்மன் இதற்கு "ஃப்ரோசன் ஷோல்டர்", அதாவது உறைந்த தோள், என்று பெயரிட்டார். மூட்டைச் சுற்றியுள்ள சவ்வுறை அழற்சியுற்று, தடித்து, சுருங்கிவிடுகிறது.

முதலில் சில மாதங்கள் வலி கூடிக்கொண்டே போகும். அடுத்த கட்டத்தில் வலி சற்றுத் தணியும். ஆனால் தோள் இறுகிவிடும். சடை பின்ன முடியாது. ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியாது. ஆண்களுக்குக் கால்சட்டையின் பின்பையிலிருந்து பணத்தை எடுக்க முடியாது. இன்னொருவர் பிடித்துத் தூக்கினாலும் கை ஓர் அளவுக்கு மேல் போகாது. தசைநாண் கிழிசலில் தானாகத் தூக்க முடியாத கையைப் பெரும்பாலும் பிறர் தூக்கிவிட முடியும். இரண்டையும் பிரித்தறிய இது நல்ல அடையாளம். மூன்றாம் கட்டத்தில் இறுக்கம் மெல்ல மெல்ல விடும். மொத்தத்தில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஆகலாம். சிலருக்குச் சிறிது இறுக்கம் எஞ்சியும் நிற்கும்.

இந்த நோய்க்கும் நீரிழிவுக்கும் நெருங்கிய உறவு உண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது. நீண்ட நாள் நீடிக்கவும் செய்கிறது. தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. தமக்கு அது இருப்பதே தெரியாமல் இருப்பவர்களும் ஏராளம். ஆகவே காரணமில்லாமல் தோள் இறுகினால், தோளுக்கு எக்ஸ்ரே எடுப்பதோடு நில்லாமல் இரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். தோள்வலிக்கென்று போய் நீரிழிவைக் கண்டுபிடித்தால், கண்ணையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றிக்கொள்ள அதுவே வழியாகும்.

தோள் விலகல்

இரு சக்கர வாகனத்திலிருந்து விழுந்தாலோ, மழையில் வழுக்கி நீட்டிய கையில் உடல் பாரம் இறங்கினாலோ, மேற்கை எலும்பின் தலை குழியை விட்டு வெளியே வந்துவிடலாம். பெரும்பாலும் அது முன்பக்கமாகவே நழுவும். தோளின் உருண்டை வடிவம் மறைந்து சப்பையாகத் தெரியும். கையை அசைக்கவே முடியாது.

இங்கேதான் நாம் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் யாராவது "இழுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்று முன்வருவார்கள். வேண்டாம். விலகலோடு எலும்பு முறிவும் இருக்கலாம். அருகிலேயே நரம்பும் பெரிய இரத்தக் குழாயும் ஓடுகின்றன. தோளின் வெளிப்புறத் தோல் மரத்துப்போயிருந்தால் நரம்பு நசுங்கியிருப்பதாகக் கொள்ளலாம். ஒரு துண்டால் தூளி கட்டிக் கையை உடலோடு சேர்த்து, இருக்கும் நிலையிலேயே அசையாமல் தாங்கி, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மயக்க மருந்து தர நேரலாம் என்பதால் வழியில் உண்ணவோ குடிக்கவோ கொடுக்காதீர்கள். எக்ஸ்ரே பார்த்து, வலி தெரியாமல் மருந்து கொடுத்து, மருத்துவர் மூட்டை இருப்பிடத்தில் சேர்ப்பார்.

இளைஞர்களுக்கு ஒருமுறை விலகிய தோள் மறுபடியும் விலகும் வாய்ப்பு அதிகம். அப்படி அடிக்கடி நேர்ந்தால், கிழிந்த தசைநார்களை அறுவை சிகிச்சையில் சீரமைக்க வேண்டியிருக்கும். வயதானவர்களுக்கு விலகலோடு தசைநாணும் கிழிந்திருக்கக்கூடும்.

வலி தோளில், நோய் வேறிடத்தில்

கழுத்து எலும்புத் தேய்மானத்தால் நரம்பு நசுங்கினால், வலி தோளைக் கடந்து முழங்கைக்குக் கீழேயும் இறங்கும், விரல்கள் மரத்துப்போகும். பித்தப்பைக் கோளாறு வலது தோளில் வலியைக் காட்டுவதுண்டு. எல்லாவற்றிலும் ஆபத்தானது இதயம். தோளை அசைத்தாலும் அசைக்காவிட்டாலும் ஒரே மாதிரி வலி, நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சிரைப்பு, தாடைக்கும் கைக்கும் பரவும் வலி ஆகியவை சேர்ந்தால், வாயு என்று சோடா குடித்துப் படுத்துவிடாதீர்கள். அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி தெரியாமலே மாரடைப்பு வரலாம் என்பதையும் நினைவில் கொள்க.

சிகிச்சை முறைகள்

புதிதாக அடிபட்டு வீங்கிய தோளுக்கு முதல் இரண்டு நாட்கள் துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடம் நல்லது. நாட்பட்ட இறுக்கத்துக்கு வெந்நீர் ஒத்தடம் இதம் தரும். வலி மாத்திரைகளை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கெடுதியும் வரக்கூடும். வலி தாங்க முடியாதபோது மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவது உண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை ஏறும் என்பதால், தமக்கு நோய் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பெரும்பாலோருக்கு இயன்முறை மருத்துவமே போதும். அதற்கும் அடங்காதபோதுதான் நுண்துளை வழியே செய்யும் ஆர்த்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சை. அறுவை என்றதும் கை போய்விட்டது என்று அஞ்ச வேண்டாம். சச்சின் டெண்டுல்கர் 2006இல் லண்டனில் தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதன் பின்னர்தான் 2011 உலகக் கோப்பையை வென்ற அணியில் ஆடினார்.

வீட்டிலேயே செய்யும் பயிற்சிகள்

எலும்பு முறிவோ விலகலோ இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பிறகு, இறுகிய தோளுக்கு இவற்றைச் செய்யலாம்.

1. நல்ல கையை மேசை மேல் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். கடிகாரத்தின் ஊசலைப்போல முன்னும் பின்னும் ஆட்டி, பிறகு சிறு வட்டமாகச் சுற்றுங்கள். இது காட்மன் பெயரால் அழைக்கப்படும் பயிற்சி.

2. சுவரைப் பார்த்து நின்று, விரல்களைப் பல்லி ஊர்வதுபோல மேலே மேலே நகர்த்துங்கள். எட்டிய இடத்தில் கரிக்கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். வாரந்தோறும் கோடு ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

3. குளித்தபின் முதுகு துடைப்பதுபோல, துண்டை முதுகுக்குப் பின்னால் இரு கைகளாலும் பிடித்து, நல்ல கையால் மெல்ல மேலே இழுங்கள்.

ஒவ்வொன்றையும் பத்து முறை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை செய்தால் போதும். இழுப்பதுபோன்ற சிறு வலி வரலாம். இரவெல்லாம் நீடிக்கும் வலி வந்தால், அளவை மீறிவிட்டீர்கள் என்று பொருள். உறைந்த தோளை வலிக்குப் பயந்து தூளியில் கட்டி வைத்தால் மேலும் இறுகும். முரட்டுத்தனமாக நீவி இழுத்தால் அழற்சி கூடும். மெல்ல, ஆனால் அன்றாடம் அசைப்பதே இதற்கு வழி.

எப்போது காத்திருக்கக் கூடாது?

சிப்பிகாட்டில் இருப்பவர்களுக்கு, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரின் ஜி.பி. பந்த் மருத்துவமனை சாலை வழியே எட்டிவிடும் தூரம். கச்சால், கேம்பல் பே போன்ற இடங்களில் வாழும் நம்மவர்களுக்கு அது கப்பல் பயணம். ஆகவே அவர்கள் இந்த அடையாளங்களைத் தெரிந்து வைத்திருப்பது இன்னும் அவசியம். அடிபட்டபின் கையைத் தூக்க முடியாமை, தோளின் வடிவ மாற்றம், கை மரத்துப்போதல் அல்லது குளிர்ந்துபோதல், காய்ச்சலோடு சிவந்து வீங்கிய மூட்டு, நெஞ்சு அழுத்தத்தோடு வரும் தோள்வலி ஆகிய ஐந்தில் ஒன்று இருந்தாலும் உள்ளூர் சுகாதார நிலையத்துக்கு அன்றே போய்விட வேண்டும். இவை எதுவுமில்லாத வலி இரண்டு மூன்று வாரத்தில் குறையாவிட்டால், அடுத்த கப்பலுக்குச் சீட்டு எடுத்துவிடுங்கள்.

வீட்டில் அம்மாவோ அக்காவோ சில நாட்களாகத் தலை வாரிக்கொள்ளச் சிரமப்படுகிறார்களா என்று இன்று ஒரு முறை கவனியுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.