"சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்காதீர்கள்!

பஞ்சாலையில் மகள், ஊரில் குடும்பம்

கோவையில் இருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலையில் இருக்கிறது, பெரியநாயக்கன்பாளையம். மேற்கே மலை. சாலை ஓரத்தில் ஆலைகள், பட்டறைகள், கடைகள்.

இந்த வட்டாரத்துக் கடைகளில் விடுமுறை நாளில் இளம் பெண்களைப் பார்க்கலாம். சோப்பு, ரிப்பன், தலைவலித் தைலம் வாங்குவார்கள். "என்ன வேணும் அம்முணி?" என்று கடைக்காரர் கொங்குத் தமிழில் கேட்பார். பதில் தேனித் தமிழிலோ, நெல்லைத் தமிழிலோ வரும். ஒடிசா, ஜார்க்கண்டில் இருந்து வந்த பெண்ணாக இருந்தால் விரலால் சுட்டிக் காட்டுவாள்.

இவர்கள் எல்லாரும் பஞ்சாலையில் வேலை பார்க்க வந்தவர்கள். குடும்பம் தூரத்தில் இருக்கிறது. இவர்கள் விடுதியில் இருக்கிறார்கள்.

மின்சாரம் வந்தது, ஆலை பெருகியது

கோவையில் முதல் பஞ்சாலை 1888-ம் ஆண்டில் தொடங்கியது. 1932-ல் நீலகிரியில் உள்ள பைக்காராவில் நீர்மின்சாரம் எடுத்தார்கள். அந்த மின்சாரம் கோவைக்கு வந்ததும் ஆலைகள் மளமளவென்று பெருகின. 1962-ல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் பிறகு நூல் நூற்கும் எந்திரங்களே பெரியநாயக்கன்பாளையத்தில் தயாராயின.

முன்பு பெண்களை இரவு வேலைக்கு வைக்கச் சட்டம் தடை போட்டிருந்தது. 2000-ம் ஆண்டில் சென்னை ஐகோர்ட்டு அந்தத் தடையை நீக்கியது. பெண்ணின் பாதுகாப்புக்கு நிபந்தனைகளும் விதித்தது. இன்று இளம் பெண்கள் பகல், அரை நைட், முழு நைட் என்று மூன்று ஷிப்டும் பார்க்கிறார்கள்.

கையும் காலும் ஓயாது

நூற்பு எந்திரத்தின் முன்னால் உட்கார முடியாது. நடந்துகொண்டே இருக்க வேண்டும். எந்த இழை அறுந்தது என்று கண் பார்க்கும். உடனே கை அதை ஒட்டும். அதற்குள் வேறு இடத்தில் இன்னொன்று அறுந்திருக்கும்.

காற்று உலர்ந்தால் நூல் அறுந்துபோகும். அதனால் ஆலைக்குள் ஈரப்பதம் வைப்பார்கள். உள்ளே புழுக்கம். எந்திர இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் பேசுவதும் கேட்காது, கை ஜாடைதான். தலையில் துணி, வாயில் முகமூடி. அப்படி இருந்தும் பஞ்சுத் தூசி மூக்கில் ஏறும்.

வேலை முடிந்து விடுதிக்கு வந்தால் குளியல், சாப்பாடு, துணி துவைப்பு. பிறகு ஊருக்குப் போன்.

கடிதம் போய் போன் வந்தது

1950-ல் நம் நாட்டில் இன்லண்ட் கடிதம் வந்தது. "நான் இங்கு நலம். அங்கு அனைவரும் நலமா?" என்று அதில் எழுதுவார்கள். படிக்கத் தெரியாத தாய்க்குப் பக்கத்து வீட்டுப் பையன் படித்துக் காட்டுவான். மாதச் செலவுக்கு மணியார்டர் போகும்.

இப்போது கைப்பேசியில் முகம் பார்த்தே பேசுகிறார்கள். மகள் புதுச் சுடிதாரைக் காட்டுகிறாள். தம்பி பரீட்சை மார்க்கைச் சொல்கிறான். "சாப்பிட்டியா தாயி?" என்று அம்மா கேட்கிறாள். "சாப்பிட்டேன்" என்கிறாள் மகள்.

ஆனால் கால் வீங்கியதை மகள் சொல்வது இல்லை. வீட்டுக் கடனுக்கு வட்டி ஏறியதை அம்மாவும் சொல்வது இல்லை. அவள் அங்கே கவலைப்படுவாளே என்று இவள் மறைக்கிறாள். இவள் இங்கே அழுவாளே என்று அவள் மறைக்கிறாள். இரண்டும் அன்புதான். ஆனால் இந்த அன்பால் சில பெண்கள் ஏமாந்தும் போனார்கள்.

மூன்று வருஷ வாக்குறுதி

"சுமங்கலித் திட்டம்" என்று ஒரு பேச்சைப் பலர் கேட்டிருப்பீர்கள். மூன்று வருஷம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவோம் என்று சொல்லித் தரகர்கள் ஊர் ஊராக ஆள் சேர்த்தார்கள். நடுவில் உடம்பு சரியில்லாமல் திரும்பிய பெண்கள் பலருக்கு அந்த மொத்தப் பணம் கிடைக்கவில்லை. உழைத்த கூலி ஆலையிலேயே தங்கிவிட்டது.

கூலியை இப்படிப் பிடித்து வைக்கச் சட்டத்தில் இடம் இல்லை. ஆகவே அடுத்த முறை பேசும்போது, இந்த ஐந்து கேள்விகளையும் கேளுங்கள்.

1. சம்பளம் உன் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வருகிறதா? மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ந் தேதிக்குள் வர வேண்டும்.

2. பி.எப். நம்பர் இருக்கிறதா? அது 12 இலக்க எண். பி.எப்.புக்கு உரிய சம்பளம் 12,000 ரூபாய் என்றால் மகளிடம் 1,440 ரூபாய் பிடிப்பார்கள். முதலாளியும் அதே அளவு கட்ட வேண்டும். வேலையை விட்டாலும் அது அவள் பணம்.

3. இ.எஸ்.ஐ. அட்டை உண்டா? 12,000 ரூபாய்க்கு 90 ரூபாய்தான் பிடிப்பார்கள். முறையாகச் சந்தா கட்டியிருந்தால் வைத்தியம் இலவசம். நோயில் படுத்தால் வருஷத்துக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 100-க்கு 70 பங்கு கிடைக்கும்.

4. வார விடுமுறை கிடைக்கிறதா? வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் அந்த நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும். 18 வயது ஆகாத பெண்ணுக்கு இரவு வேலையே கூடாது.

5. விடுதிக்கு லைசென்ஸ் உண்டா? பெண்கள் விடுதிகளுக்குத் தமிழக அரசு 2014-ல் தனிச் சட்டம் போட்டது. அதன்படி விடுதியைப் பதிவு செய்து லைசென்ஸ் வாங்க வேண்டும்.

பக்கத்தில் யாராவது நின்றால் மகள் மனம் விட்டுப் பேச மாட்டாள். "நீ தனியாக இருக்கும்போது கூப்பிடு" என்று சொல்லுங்கள். ஆபத்து என்றால் பெண்களுக்கு 181, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 1098. இந்த இரண்டு எண்களையும் வீட்டுச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல்

வேலைக்குப் போவது பெண்ணுக்குத் தைரியம் தருகிறது. தனியாகப் பஸ் ஏறுகிறாள். வங்கியில் கையெழுத்துப் போடுகிறாள். தம்பி படிப்புக்குப் பணம் கட்டுகிறாள். இது பெருமைதான்.

ஆனால் சம்பளம் முழுவதையும் ஊருக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். மாதம் 500 ரூபாயாவது அவள் பெயரிலேயே சேரட்டும். மேலே படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருக்கலாம். அந்தப் பணம் அதற்கு உதவும்.

"முடியவில்லை, வந்துவிடுகிறேன்" என்று ஒருநாள் அவள் சொன்னால், "ஊர் என்ன சொல்லும்?" என்று யோசிக்காதீர்கள். "உடனே கிளம்பி வா" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்ல ஒரு வீடு இருக்கிறது என்ற நம்பிக்கை வேண்டும். எத்தனை தூரத்தில் இருந்தாலும் அந்தப் பெண் தைரியமாக இருப்பாள்.